கோட்டுக்குக் கீழே நாலு முட்டை

பறவையும் மீனும் எருமையும் ஒரே பேச்சில் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், ஆட்காட்டிக் குருவிக்கு வாயே கிடையாது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். இன்றைக்கு ஏரிப் பக்கம் நீங்கள் கால் வைத்தால் போதும், தலைக்கு மேலே வட்டமடித்துக் கத்தி ஊரைக் கூட்டுகிறதே, அதே பறவைதான். அன்று அதன் கண்ணோரத்தில் சிவப்பும் இல்லை, தொண்டையில் சத்தமும் இல்லை. நீண்ட மஞ்சள் கால்களை மெல்ல எடுத்து வைத்துப் போகும், வரும். அந்தப் பறவைக்கு ஏரியில் வைத்திருந்த பெயர் ஊமைச்சி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை என்னால் சிரித்த முகத்தோடு சொல்ல முடியாது. எத்தனை தரம் சொன்னாலும் ஓரிடத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெடுங்கரை என்று ஓர் ஏரி இருந்தது. அதன் நடுவில் உயரமான ஒரு குத்துக்கல். ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அந்தக் கல்லைப் பார்த்துத்தான் சொல்வார்கள். சொல்லும் வேலை கூழைக்கடாப் பெரியவருடையது. ஏரியிலேயே பெரிய உடம்பு அவருக்கு, பெரிய அலகு, அதைவிடப் பெரிய குரல். அந்தக் காலத்தில் கூழைக்கடா கூவினால் மூன்று ஊருக்குக் கேட்கும்.

கல்லில் அளவு போட்டவரும் அவர்தான். தன் அலகைக் கல்லின் மேல் நீளவாக்கில் வைத்து வைத்து, அலகுக்கு ஒரு குறி போட்டார். எங்கிருந்து தொடங்கினார் தெரியுமா? கல்லின் அடியிலிருந்து இல்லை. நடுவில் ஓரிடத்தில் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு இழுத்தார். அங்கே பூஜ்ஜியம். அதற்கு மேலே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

ஏன் நடுவில்? காரணம் இருக்கிறது. தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டினால்தான் கரையோரக் கருவேல மரங்களின் அடிவரை ஏரி பரவும். அந்த மரங்களில்தான் பெரியவர் குடும்பத்தோடு கூடு கட்டியிருந்தார். மரத்தடிக்குத் தண்ணீர் வந்தால் அவருக்கு வசதி, இருந்த இடத்திலிருந்து இறங்கி மீன் பிடிக்கலாம். கோட்டுக்குக் கீழே தண்ணீர் போய்விட்டால் அவருக்கு அதனால் பிரயோசனம் இல்லை. தனக்குப் பிரயோசனம் முடிகிற இடத்தில் ஒரு கோடு போட்டு, அதற்குப் பூஜ்ஜியம் என்று பெயர் வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

கோடு போட்டதில்கூடத் தப்பில்லை என்பேன். எங்கேயாவது ஓரிடத்திலிருந்துதானே எண்ணத் தொடங்க வேண்டும். தப்பு அதற்குப் பிறகு வந்தது.

நெடுங்கரையில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் வெயில் ஏறும் முன் கூழைக்கடாப் பெரியவர் கல்லின் உச்சியில் நின்று அன்றைய அளவைக் கூவுவார். "மூன்று!" என்பார். ஏரியில் இருக்கிற கொக்கு, நண்டு, ஆமை, தவளை, மீன் எல்லாம் சேர்ந்து "மூன்று!" என்று திருப்பிக் கூவும். எல்லாரும் கூவிவிட்டால் அன்றைக்கு அதுதான் அளவு. யாரும் கல்லை எட்டிப் பார்க்க மாட்டார்கள். கூவின பிறகு கல்லைப் பார்ப்பது பெரியவரைச் சந்தேகப்படுவது போல் என்று ஒரு பேச்சு வேறு.

அந்த ஆண்டு வெயில் கொளுத்தியது. மூன்று இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, ஒரு காலையில் தண்ணீர் கோட்டைத் தொட்டது.

"பூஜ்ஜியம்!" என்றார் பெரியவர்.

"பூஜ்ஜியம்!" என்றது ஏரி.

பிறகும் தண்ணீர் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. கோட்டுக்குக் கீழே ஓர் அலகு இறங்கியது. பெரியவர் "பூஜ்ஜியம்!" என்றார். இரண்டு அலகு இறங்கியது. "பூஜ்ஜியம்!" மூன்று, நான்கு என்று இறங்கி, கல்லின் பாசி பிடித்த அடிவயிறு வெயிலில் காய்ந்து உரிந்தது. அப்போதும் அதே கூவல். ஏரியும் அதையே கூவியது. கண்ணெதிரே கல் வளர்ந்துகொண்டே போகிறது, எல்லாருக்கும் கண் இருக்கிறது, இருந்தும் கூவினார்கள்.

கூவாதது ஊமைச்சி ஒருத்திதான். அவள்தான் எதற்குமே வாய் திறப்பதில்லையே, அதனால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஊமைச்சியின் சாதியினர் மரத்தில் கூடு கட்டுவதில்லை. ஏரி வற்றி விட்டுக்கொடுக்கும் தரையில், நாலு கூழாங்கல்லைச் சுற்றி வைத்து, நடுவில் முட்டையிடுவார்கள். வெயில் கடுமையானால் தாய் தண்ணீரில் இறங்கி வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து, முட்டையின் மேல் உட்கார்ந்து குளிர வைப்பாள். ஆகவே தண்ணீர் வெகுதூரம் போகவும் கூடாது, கூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடவும் கூடாது. தண்ணீர் எங்கே நிற்கிறது என்பது அவளுக்குப் பிழைப்பு.

கோட்டின் மட்டத்துக்கு ஓர் அலகு கீழே, ஏரிச் சரிவில் அவள் கூடு. அதில் நாலு முட்டை, கூர்முனை நாலும் உள்பக்கம் பார்த்தபடி.

பெரியவரின் கூவலை நம்பி அவளால் குடும்பம் நடத்த முடியவில்லை. அதனால் அவளே அளந்தாள். தண்ணீர் ஓர் அலகு இறங்கும்போதெல்லாம் கல்லருகே போய், கால் நகத்தால் ஒரு குறி கீறினாள். பெரியவர் மேலே போட்ட அதே குறிகள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் படுக்கையாக ஒரு சின்னக் கோடு இழுத்தாள்.

ஒருநாள் மடுவிலிருந்து விரால்மீன் தலை தூக்கிப் பார்த்தாள். அவள் தன் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தோடு சுருங்கிப் போன தண்ணீரில் தவித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி கீறுற?"

"தண்ணி எவ்ளோ கீழ போயிருக்குன்னு போடறேன்க்கா" என்றாள் ஊமைச்சி. அவள் குரல் காற்றில் நாணல் அசைவது போல இருக்கும்.

"அது என்ன முன்னாடி ஒரு படுத்த கோடு?"

"மேல இருக்கிற ஒண்ணும் கீழ இருக்கிற ஒண்ணும் ஒண்ணாயிடுமாக்கா? ரெண்டும் கோட்டுலேர்ந்து ஒரே தூரம்தான். ஆனா மேல ஒண்ணுன்னா என் கூடு முழுகிக் கெடக்கும். கீழ ஒண்ணுன்னா தண்ணி என் கூட்டு வாசல்ல நிக்கும். வேற வேற இல்லையா? அதான் கீழ போறதுக்கெல்லாம் ஒரு கோடு முன்னாடி."

விரால் யோசித்தாள். "இப்ப எத்தனைல இருக்கு?"

"கீழ அஞ்சு."

"அப்ப சரியாத்தான் இருக்கு. எனக்கு மூச்சு முட்டுது."

ஏரியின் மீன்கள் எல்லாம் மூச்சு முட்டிப் புலம்பத் தொடங்கியதும் பெரியவர் கூட்டம் போட்டார். மேட்டில் மேலேரி என்று இன்னோர் ஏரி உண்டு. அதன் மதகுக் கல்லை எருமைகள் கொம்பால் நகர்த்தித் தண்ணீர் திறந்துவிடும். அந்த ஏரியின் தலைவி நத்தைகுத்தி நாரையம்மாள். இத்தனை அலகு ஏற வேண்டும் என்று கேட்டால், நெடுங்கரையில் அத்தனை அலகு ஏறுமளவுக்குத் திறந்து, பிறகு மூடிவிடுவார். அளவில் அவர் துளி பிசகியதில்லை.

"நமக்கு மூணுல தண்ணி நிக்கணும்" என்றார் பெரியவர். "இப்ப பூஜ்ஜியம். அதனால மூணு கேட்போம்."

"மூணு!" என்றது கூட்டம்.

மேலேரி திறந்தது. நுரையும் சருகுமாகத் தண்ணீர் இறங்கி வந்தது. ஊமைச்சி கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். கீழ் ஐந்தில் இருந்த தண்ணீர் கீழ் நான்கைத் தொட்டது, கீழ் மூன்றைத் தொட்டது, கீழ் இரண்டில் வந்து நின்றது. சொன்னபடி மூன்று அலகு. விராலின் மடு நிறைந்து, குஞ்சுகள் சிதறி ஓடி விளையாடின. தண்ணீர் கூட்டுக்கு ஓர் அலகு கீழே, வயிற்றை நனைக்கத் தோதான தூரத்தில் நின்றது. ஊமைச்சியின் வாழ்நாளில் அதைவிட நல்ல நாள் இல்லை. அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

மறுநாள் காலை பெரியவர் கல்லின் உச்சியில் வந்து நின்றார். கீழே குனிந்து கோட்டைப் பார்த்தார். கோடு காய்ந்து கிடந்தது.

"பூஜ்ஜியம்!" என்றார்.

நான் பற்றிக்கொண்டு வரும் என்று சொன்னேனே, இந்த இடம்தான். முந்தின நாள் தண்ணீர் வந்த இரைச்சலை எல்லாரும் கேட்டார்கள். தவளைகள் அதில் குதித்து ஆடின. ஆமை புது இடத்துக்குக் குடிபோய்விட்டது. அத்தனை பேரும் அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டே "பூஜ்ஜியம்!" என்று திருப்பிக் கூவினார்கள். விராலும் கூவினாள்.

"நேத்தும் பூஜ்ஜியம், இன்னிக்கும் பூஜ்ஜியம்" என்று பெரியவர் கொதித்தார். "நாரை நம்மளை ஏமாத்திட்டா. ஒரு சொட்டு அனுப்பல. இன்னொரு தடவை மூணு கேட்கப் போறேன். அனுப்பலைன்னா மேலேரிக்காரி திருடின்னு நாலு ஏரிக்கும் சொல்வேன்."

இன்னும் மூன்று ஏறினால் என்ன ஆகும் என்று ஊமைச்சிக்கு உடனே தெரிந்துவிட்டது. கீழ் இரண்டிலிருந்து ஓர் அலகு ஏறினால் கீழ் ஒன்று, கூட்டு வாசல். இன்னோர் அலகு ஏறினால் கோடு. இன்னும் ஒன்று ஏறினால் கோட்டுக்கு மேலே ஒன்று. முட்டைகள் இரண்டு அலகு ஆழத்தில் கிடக்கும்.

கூட்டில் முட்டைமேல் உட்கார்ந்திருந்த புருஷனிடம் ஓடினாள். அவன் எழுந்திருக்கவில்லை. "நீ போய்ச் சொல்லு. சொன்னா கேப்பாங்க" என்றான். பாவம், அவனும் அவளைப் போலவே வெளி விவகாரம் தெரியாதவன்.

அவள் வாழ்க்கையில் முதல் முறையாகக் கூட்டத்துக்கு நடுவே போய் நின்றாள்.

"ஐயா, தண்ணி வந்துச்சுங்க."

பெரியவர் யார் பேசுவது என்று தேடினார். "யாரது? ஊமைச்சியா? உனக்குப் பேசக்கூட வருமா?"

கூட்டம் சிரித்தது.

"மூணு அலகு வந்துச்சுங்க ஐயா. முன்னாடி கீழ அஞ்சுல இருந்துது. இப்ப கீழ ரெண்டுல இருக்கு. நாரையம்மா சொன்னபடிதான் அனுப்பியிருக்காங்க. இன்னும் மூணு வந்தா மேல ஒண்ணுக்குப் போயிடும். என் முட்டை கீழ ஒண்ணுல இருக்குதுங்க."

"கீழ ஒண்ணா? அப்படின்னா?"

"கோட்டுக்கு ஓர் அலகு கீழங்க."

பெரியவர் தொண்டைப் பையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். "பூஜ்ஜியம்னா என்ன? ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம். ஒண்ணுமே இல்லாததுக்குக் கீழ இன்னும் என்ன இருக்கும்? என் கிட்ட மூணு மீன் இருக்கு, மூணையும் தின்னுட்டேன். அப்புறம் இன்னும் ரெண்டு மீன் தின்ன முடியுமா?"

"மீனை எண்ணும்போது முடியாதுங்க ஐயா. இது மீன் இல்லைங்களே, இடம். நீங்க கோடு போட்டதுக்கு மேலயும் கல்லு இருக்கு, கீழயும் கல்லு இருக்கு. பூஜ்ஜியம் அந்தக் கல்லுல ஓர் இடம். அதுக்கு ரெண்டு பக்கமும் எண்ணலாம். வந்து பாருங்க, நான் குறி போட்டு வச்சிருக்கேன்."

"உன் கால் கிறுக்கலை நான் வந்து பாக்கணுமா?"

"அப்ப என் கூடு?"

"பூஜ்ஜியத்துக்குக் கீழ இடமே கிடையாது" என்றார் பெரியவர். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. "இல்லாத இடத்துல எப்படிக் கூடு இருக்கும்? கூடே இல்லைன்னா முட்டை ஏது? இல்லாத முட்டைக்காக ஏரி தாகத்துல சாகணுமா?"

"கூடாது!" என்றது கூட்டம். வழக்கம் விடவில்லை.

ஊமைச்சி விராலைத் தேடி ஓடினாள். "அக்கா, உனக்குத் தெரியும்ல? நீ கீழதானே இருக்க. என் குறியைப் பாத்திருக்க. ஒரு வார்த்தை சொல்லுக்கா."

விரால் வாலை ஆட்டி ஆட்டி ஓரிடத்திலேயே நின்றாள். "நீ சொல்றது சரிதான்டி. ஆனா எனக்கு இன்னும் மூணு வந்தா நல்லதுதானே? குஞ்சுங்களுக்கு இடம் கிடைக்கும். நான் எதுக்குப் பெரியவர் வாயில விழணும்?"

இதைக் கேட்டு எனக்கு விரால்மேல் வந்த கோபம் கூழைக்கடாமேல் வந்ததைவிடப் பெரிது. அவர் கண்ணை மூடிக்கொண்ட முட்டாள். இவளுக்கு எல்லாம் தெரியும்.

பெரியவர் மேலேரிக்குப் பறந்துபோய், "நீ அனுப்பினது எங்க?" என்று கத்தினார். நாரையம்மாளுக்கு முகம் கறுத்தது. அளவில் பிசகாதவரைத் திருடி என்றால் சும்மா இருப்பாரா? "ஏழேழு தலைமுறைக்கும் இந்தப் பேச்சு எனக்கு வேண்டாம். இந்தா, இன்னும் மூணு. வாங்கிட்டு வாயை மூடு" என்று எருமைகளுக்குத் தலையசைத்தார்.

தண்ணீர் வந்தது. முதல் அலகு ஏறியபோது கூட்டின் கூழாங்கற்கள் நனைந்தன. ஊமைச்சியின் புருஷன் எழவில்லை. அவன் வயிற்றைத் தண்ணீர் தொட்டது, நெஞ்சைத் தொட்டது. எழுந்தால் முட்டை போய்விடும், உட்கார்ந்திருந்தாலும் போய்விடும் என்று தெரிந்தும் உட்கார்ந்திருந்தான். கழுத்துவரை வந்த பிறகு ஊமைச்சிதான் அலகால் அவன் இறகைக் கவ்வி இழுத்தாள். கலங்கல் தண்ணீர் அவன் எழுந்த இடத்தை மூடியது.

அப்போதுதான் அவள் கத்தினாள். அந்தத் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருந்தது யாருக்கும் தெரியாது. இத்தனை காலமும் பேசாமல் விட்ட எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது போல, ஏரிக்கு மேலே வட்டமடித்து வட்டமடித்துக் கத்தினாள். கத்திக் கத்திக் கண்ணோரத்தில் ரத்தம் ஏறிச் சிவந்தது. கொக்குகள் மரத்திலிருந்து எழும்பிப் பறந்தன. தவளைகள் வாயை மூடின.

காலையில் தண்ணீர் கோட்டுக்கு மேலே ஓர் அலகில் நின்றது. பெரியவர் உற்சாகமாகக் கூவினார்.

"ஒன்று!"

திருப்பிக் கூவிய குரல்கள் கொஞ்சம் கம்மியாக இருந்தன. மேலே இன்னும் அவள் கத்திக்கொண்டிருந்தாள்.

பெரியவருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அவர் வேறு கணக்கில் இருந்தார். "ரெண்டு தடவை மூணு மூணுன்னு நாரை ஆறு அனுப்பினதாச் சொல்றா. இங்க வந்தது ஒண்ணு. மீதி அஞ்சு எங்க? எனக்கு இன்னும் அஞ்சு வரணும்."

இந்தப் பேச்சு மேலேரிக்கு எட்டியது. நாரையம்மாள் எருமைகளைக் கூட்டிக்கொண்டு தானே இறங்கி வந்தார். வரும்போதே அலகைப் படபடவென்று தட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு அவ்வளவு ஆத்திரம்.

"உங்களுக்குத் தண்ணி விட்டு விட்டு என் ஏரியில நத்தை வெயில்ல காஞ்சு கெடக்குது. என் குஞ்சுங்க பட்டினி. அதுக்கு மேல நான் திருடியா? ஆறு அனுப்பினேன். ஒண்ணுதான் வந்துச்சுன்னா அஞ்சை யார் குடிச்சது? ஒருத்தர் பதில் சொல்லணும். சொல்லாம நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்."

அஞ்சு அலகுத் தண்ணீரை ஒளித்து வைக்க நெடுங்கரையில் இடம் ஏது? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மேலே வட்டமடித்துக்கொண்டிருந்த ஊமைச்சி கல்லின்மேல் வந்து இறங்கினாள். பெரியவர் நிற்கும் இடத்தில், அவரை இடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு சொட்டு யாரும் குடிக்கல" என்றாள். குரல் கீறியது. "நீங்க ஆறு அனுப்பினீங்க. ஆறும் வந்துச்சு. இவர் எங்கேருந்து எண்ணினார்னு கேளுங்க. பூஜ்ஜியத்துலேர்ந்து எண்ணினார். தண்ணி பூஜ்ஜியத்துல இல்ல. கீழ அஞ்சுல இருந்துது. கோட்டுக்கு வரவே அஞ்சு ஆச்சு. மீதி ஒண்ணு கோட்டுக்கு மேல நிக்குது."

நாரையம்மாள் அலகு தட்டுவதை நிறுத்தினார். மனத்துக்குள் குறி குறியாக ஏறிப் பார்த்தார். கீழ் ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று, பூஜ்ஜியம், மேல் ஒன்று. ஆறு படி.

"சரியா வருது" என்றார். "ஆனா கீழ அஞ்சுல இருந்துதுன்னு சாட்சி என்ன?"

"நான் குறி போட்டிருக்கேன். கல்லுல."

எல்லாரும் கல்லைப் பார்த்தார்கள். குறிகள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருந்தன.

பெரியவர் நிமிர்ந்தார். "பாத்தீங்களா? கீழ ஒண்ணும் இல்ல."

"மீன் யாராவது போய்ப் பாக்கட்டும்" என்றார் நாரையம்மாள்.

மீன்கள் எல்லாம் விராலைப் பார்த்தன. அவளுக்குத் தப்பிக்க வழியில்லை. முங்கினாள். வெகுநேரம் வரவில்லை. திரும்பி வந்தபோது அவள் குஞ்சுகள் முன்போல் துள்ளாமல் அவளை ஒட்டி ஒட்டி வந்தன.

"இருக்கு" என்றாள். "அஞ்சு குறி. ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஒரு படுத்த கோடு. எனக்கு இது முன்னாடியே தெரியும். நான் சொல்லல."

விரால் போகாமல் அங்கேயே நின்றாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. முதல் குறி மட்டத்துல, சரிவுல, கூழாங்கல்லுக்கு நடுவுல..." தன்னை ஒட்டி நின்ற குஞ்சுகளைப் பார்த்தாள். "நாலு முட்டை இருக்கு. வச்சது வச்சபடி இருக்கு."

இல்லாத இடத்தில், இல்லாத கூட்டில், இல்லாத முட்டைகள்.

நாரையம்மாள் கூழைக்கடாப் பெரியவரை நோக்கித் திரும்பினார். "இந்தப் பொண்ணு உன் கிட்ட வந்து சொன்னாளா?"

பெரியவர் வாய் திறந்தார். அந்தப் பெரிய அலகு திறந்தது, பை விரிந்தது, உள்ளேயிருந்து சத்தம் வரவில்லை.

"சொன்னாளான்னு கேட்டேன்."

மறுபடி திறந்தார். காற்றுதான் வந்தது. சொன்னாள் என்று சொல்ல மனம் வரவில்லை, சொல்லவில்லை என்று சொல்ல சாட்சி விடவில்லை. இரண்டுக்கும் நடுவில் அவர் குரல் மாட்டிக்கொண்டது. அது பிறகு வெளியே வரவே இல்லை.

"மூணுல தண்ணி வேணும்னா நீ எட்டு கேட்டிருக்கணும்" என்றார் நாரையம்மாள். "இந்தப் பொண்ணோட முட்டையையும் சொல்லி எட்டு கேட்டிருந்தா, என் கிட்ட அவ்வளவு இல்லை, முட்டை பொரியற வரைக்கும் ரெண்டு ஏரியும் பொறுத்துக்குவோம்னு அன்னிக்கே சொல்லியிருப்பேன். போகட்டும். இனிமே இந்தக் கல்லுல ரெண்டு பக்கமும் குறி இருக்கும். கீழ இருக்கிறதுக்கு முன்னாடி இந்தப் பொண்ணு போட்ட மாதிரி ஒரு கோடு. அளவைக் கூவறதுக்கு முன்னாடி எல்லாரும் கல்லைப் பாக்கணும். கணக்கு தீர்ந்துது."

"தீர்ந்துது!" என்றது ஏரி. எல்லாருக்கும் நிம்மதி. ஆறு ஆறாக இருக்கிறது, யாரும் திருடவில்லை, சண்டை இல்லை. ஆமை கிளம்பியது. கொக்குகள் மரத்துக்குத் திரும்பின. விரால் மட்டும் தலையைத் தூக்கியபடி நின்றாள்.

ஊமைச்சி கல்லை விட்டு இறங்கவில்லை.

"கணக்கு சரியாயிடுச்சு" என்றாள். "என் முட்டை?"

போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். விரால் தலையைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டாள். ஊமைச்சி இன்னொரு தரம் கேட்டாள். பிறகு எழும்பி ஏரியைச் சுற்றிப் பறந்து, ஒவ்வொருத்தர் தலைக்கு மேலேயும் போய்க் கேட்டாள்.

அடுத்த வெயிலில் தண்ணீர் மறுபடி கோட்டுக்குக் கீழே இறங்கியது. மரத்தில் கூடு கட்டிக்கொள் என்று கொக்குகள் அவளுக்கு இடம் கொடுத்தன. அவள் போகவில்லை. அதே சரிவில், கீழ் ஒன்று மட்டத்தில், அதே கூழாங்கற்களைத் தேடி எடுத்து வட்டம் வைத்து, நாலு முட்டையிட்டாள்.

அன்று முதல்தான் கூழைக்கடா அவ்வளவு பெரிய வாயை வைத்துக்கொண்டும் கூவுவதில்லை. ஆட்காட்டி இன்றைக்கும் தரையிலேயேதான் முட்டையிடுகிறது, ஆனால் அன்று முதல்தான் யார் பக்கத்தில் வந்தாலும் கண்ணோரம் சிவக்க மேலே எழும்பி, "எங்கேருந்து? எங்கேருந்து எண்ணின?" என்று கத்துகிறது. அன்று முதல்தான் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கிற எண்களுக்கு முன்னால் படுக்கையாக ஒரு சின்னக் கோடு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அந்த எண்களுக்குக் குறை எண் என்று பெயர் சொல்வார்கள். அந்தக் கோடு அவள் கால் நகம் கீறியது. எழுதும்போது அவசரத்தில் அதை விட்டுவிடாதீர்கள். அதற்குக் கீழே நாலு முட்டை இருக்கிறது.